இன்வெர்ட்டர் எவ்வளவோ அவ்வளவே மின்சாரம்

மாடியில் சூரிய மின்சாரம் அமைக்க எண்ணும் சங்க அன்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை பேனல் போடலாம்?" என்பதுதான். நானும் அதையே முதலில் பார்த்தவன். அதனால் என் தங்கைக்கு நஷ்டம் வந்தது. அதைச் சொல்லிவிட்டுக் காரணத்தை விளக்குகிறேன்.

நஞ்சன்கூட்டில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி இருக்கிறாள் தங்கை. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2025 தொடக்கத்தில் வியாபாரி ஒருவர் கொடுத்த கொட்டேஷனைக் கொண்டுவந்து, "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றாள். 540 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3.24 கிலோவாட். பேனலின் உத்தரவாதம், இரும்புச் சட்டம், எர்த்திங், இடிதாங்கி எல்லாவற்றையும் பார்த்தேன். அடுத்த வரியில் "இன்வெர்ட்டர் 2 கிலோவாட்" என்று இருந்தது. அதைப் படித்தேன், யோசிக்கவில்லை. "சரியாக இருக்கிறது, போட்டுக்கொள்" என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் மாதம் ஒரு நாள் அவள் கைபேசியைக் காட்டினாள். இன்வெர்ட்டர் தரும் மின்சக்தியை மணிவாரியாக வரைந்து காட்டும் படம் அதில் வருகிறது. தெளிந்த நாளில் அந்தக் கோடு காலையில் மெல்ல ஏறி, உச்சியில் வளைந்து, மாலையில் இறங்க வேண்டும். கவிழ்த்த கிண்ணம் போல. தங்கை வீட்டுப் படமோ காலை 10 மணி சுமாருக்கு 2 கிலோவாட்டைத் தொட்டு, பிற்பகல் 3 மணி வரை பலகை போலத் தட்டையாகக் கிடந்தது. (நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே ஏறக்குறைய 6 பாகை தள்ளி இருப்பதால் இருபது நிமிடத்துக்கு மேல் தாமதம். மார்ச்சில் இன்னும் சற்று அதிகம். அதனால்தான் அந்தத் தட்டை 12½ மணியை நடுவாகக் கொண்டிருந்தது.)

பேனல் தருவது நேர் மின்னோட்டம். வீட்டுக்கும் தெருக் கம்பிக்கும் வேண்டியது மாறு மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்வது இன்வெர்ட்டர். 2 கிலோவாட் இன்வெர்ட்டரிலிருந்து 2 கிலோவாட்டுக்கு மேல் வெளியே வராது. மாடியில் பத்துப் பேனல் இருந்தாலும் அதேதான்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? ரயில் பெட்டிகளின் விளக்கு, விசிறிப் பராமரிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். பெட்டியின் அடியில் சக்கர அச்சிலிருந்து பெல்ட்டால் சுழலும் 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டர் இருக்கும். வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும், ரெகுலேட்டர் தன் எல்லைக்கு மேல் மின்னோட்டத்தை விடாது. அந்த ரெகுலேட்டரைத் திருகித் திருகி வேலை பார்த்த கையால்தான் இந்தக் கொட்டேஷனுக்குச் "சரி" சொன்னேன்.

"மீதி கரண்ட் எங்கே போகுது அண்ணா? வீணா எரிஞ்சு போகுதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அது எங்கும் போவதில்லை, எடுக்கப்படுவதே இல்லை. வழக்கமாக இன்வெர்ட்டர், வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கி வரும் தொகை மிக அதிகமாக இருக்கும் புள்ளியைத் தேடிப் பிடித்து, பேனலை அங்கே நிறுத்தும். எல்லை வந்துவிட்டால் அந்தப் புள்ளியை விட்டு விலகி வோல்ட்டேஜை உயர்த்தும், ஆம்பியர் குறையும். எடுக்கப்படாத ஒளி பேனலைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கும், அவ்வளவே.

இதை நேரிலேயே பார்க்கலாம். வெயில் ஏறினால் பேனல் சூடாகி வோல்ட்டேஜ் குறைவது இயல்பு. அவள் வீட்டு இன்வெர்ட்டர் திரையில் காலை 9 மணிக்கு 235 வோல்ட், நடுப்பகலில் 250. குறைய வேண்டிய நேரத்தில் ஏறியிருந்தது. பேனலில் கோளாறு இல்லை, இன்வெர்ட்டர்தான் கதவைச் சாத்துகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் இரண்டும் சமமாகவே இருக்க வேண்டுமா என்றால், இல்லை. பேனலின் பின்புறம் அச்சிட்டிருக்கும் 540 வாட் என்பது சோதனைச் சாலைக் கணக்கு: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பம் 25 டிகிரி. நம் மாடியில் நடுப்பகலில் செல் 55, 60 டிகிரிக்குப் போகிறது. 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். அதிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. தூசி, கம்பி, இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு எல்லாம் சேர்ந்தால் 3.24 கிலோவாட் பேனலிலிருந்து 2.7 வந்தால் அதிகம். ஆகவே இன்வெர்ட்டரைப் போல 1.2, 1.3 மடங்கு பேனல் போடுவது வழக்கம்தான். உச்சியில் சிறிது வெட்டுப்பட்டாலும் காலை, மாலை, மேகமூட்ட வேளைகளில் கூடுதலாகக் கிடைக்கும். தங்கை வீட்டில் இது 1.62 மடங்கு. என் கணக்கில் தெளிந்த நாளில் சுமார் 2 யூனிட் போயிற்று. ஆடி மாத மேகத்தில் நஷ்டமே இராது என்பது வேறு விஷயம்.

இதைவிட உறைத்தது மானியம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ.30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000, ஆக உச்சம் ரூ.78,000. ஆனால் பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது சிறியதோ அதைத்தான் திறனாகக் கொள்வார்கள். தங்கைக்கு வந்தது ரூ.60,000. 3 கிலோவாட் பேனலுக்குப் பணம் கொடுத்தவள் 2 கிலோவாட் மானியம் வாங்கினாள். வியாபாரியைக் கேட்டேன். வீட்டின் அனுமதிச் சுமை 2 கிலோவாட்; அதை உயர்த்தும் விண்ணப்ப வேலைக்குச் சோம்பி, இன்வெர்ட்டரைச் சுமைக்கு ஏற்பச் சுருக்கிவிட்டார். பேனலைக் குறைத்தால் அவர் வியாபாரம் குறையும் அல்லவா!

பெரிய இன்வெர்ட்டர் போட்டால் நிறைய வரும் என்று நினைப்பவர்களும் உண்டு. 3 கிலோவாட் பேனலுக்கு 5 கிலோவாட் இன்வெர்ட்டர் போட்டால் பணம்தான் கூடும்.

ஓர் எச்சரிக்கை. வாட் எல்லை மீறினால் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ளும். வோல்ட் எல்லை மீறினால் காத்துக்கொள்ளாது, எரிந்துபோகும். 540 வாட் பேனலின் திறந்த சுற்று வோல்ட்டேஜ் 49.5 அளவில் இருக்கும். பன்னிரண்டைத் தொடராக இணைத்தால் 594. இன்வெர்ட்டரின் உச்சம் 600 வோல்ட் என்றால் சரி என்று தோன்றும். மார்கழி விடியலில் செல் குளிர்ந்திருக்கும்போது இது 600ஐத் தாண்டிவிடும். ஆறு ஆறாக இரண்டு வரிசையாக்கினால் பயமில்லை. "இன்னும் இரண்டு பேனல் கோத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

தங்கை அனுமதிச் சுமையை 3 கிலோவாட்டாக உயர்த்த விண்ணப்பித்து, ஒப்புதல் வந்தபின் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் மாற்றினாள். பழையதை வியாபாரி பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். மீதிப் பாதியை நான் கொடுக்கிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டாள். இப்போது நல்ல வெயிலில் 2.6 வரை போகிறது, கிண்ணமும் வளைந்திருக்கிறது. அந்த ரூ.18,000 மட்டும் வரவில்லை.