அட்வான்ஸுக்கு முன் அட்டை

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் தறி முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியவர்களிடம் காரணம் கேளுங்கள். கல்யாணம், வீடு, பிள்ளை படிப்பு என்று சொல்வார்கள். கூடவே ஆஸ்பத்திரிச் செலவும் வரும். கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளலாம். அப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் எதைத் தள்ளுவது? அன்றைக்கு வாங்கிய பணம் அடையும் வரை அதே முதலாளிக்குத்தான் நெய்ய வேண்டும். பக்கத்துத் தெருவில் சேலைக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதல் கூலி கிடைத்தாலும் போக முடியாது. அதனால் மருத்துவக் காப்பீட்டை நான் கூலி பேசும் உரிமையோடு சேர்த்தே பார்க்கிறேன். தறியில் உட்காரும் பிள்ளைகளுக்கும், ஒரகடம் கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் இன்றைய பெயரில் மாற்றி அமைக்கப்பட்டது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது, 2022 ஜனவரி முதல் 1,20,000 ஆனது. உங்களுக்காக அரசு கட்டும் பிரீமியம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். இவ்வளவு சிறிய தொகையில் இதய அறுவை சிகிச்சை எப்படி நடக்கிறது? கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களின் பெயரில் பணம் சேர்கிறது; அந்த ஆண்டு படுத்தவர்களுக்கு மட்டும் செலவாகிறது. காப்பீட்டின் நோக்கமே இதுதான். இதை யாரோ போடும் தர்மமாக நினைத்துக் கூச வேண்டாம்.

கைத்தறி நெசவாளர்களுக்கு 2005-06இல் மத்திய அரசு கொண்டுவந்த காப்பீட்டில் ஆண்டுக்கு 15,000 ரூபாய்தான் வரம்பு. நெசவாளர், துணைவர், இரண்டு பிள்ளைகளோடு கணக்கு முடிந்தது. தார் சுற்றிக் கொடுக்கும் வயதான அம்மாவுக்கு அதில் இடமில்லை. இன்றைய முதலமைச்சர் திட்டத்தில் குடும்ப அட்டையில் பெயர் உள்ள, உங்களைச் சார்ந்த பெற்றோருக்கும் இடம் உண்டு. ஏற்கெனவே சர்க்கரையோ இதய நோயோ இருந்தாலும் தள்ளிவிடுவதில்லை.

இந்தக் காப்பீட்டு அட்டை எடுக்க வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பிறகு காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் பதியுங்கள். ஒரு நாள் கூலி போகும். போகட்டும். மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். பல வீடுகளில் இங்கேதான் சிக்கல். பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறுவதற்கு இடையில் கிடைக்கும் ஓய்வு நாள் இதற்குத் தோதானது.

மருத்துவமனைக்குப் போனதும் அங்குள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவைத் தேடுங்கள். உங்கள் சிகிச்சை பட்டியலில் உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள். எல்லாத் தனியார் மருத்துவமனையும் திட்டத்தில் இல்லை. இருக்கும் மருத்துவமனையிலும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி இருக்காது. அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையிலோ காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனையிலோ சேர்ந்தாலும் அட்டையைக் காட்டுங்கள். காப்பீட்டுத் தொகை அந்த அரசு மருத்துவமனைக்கே போய்ச் சேரும். அடுத்து வருபவருக்கு அது உதவும். சாலை விபத்து என்றால் அட்டையே தேவையில்லை. 2021 டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டப்படி, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

குழித்தறி கொடுக்கும் நோய்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்க்காதவை: இடுப்பு வலி, முழங்கால் வலி, மங்கும் கண். இவற்றுக்கு இந்த அட்டை அதிகம் உதவாது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். கைத்தறிப் பட்டு நெசவாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்குக் கண்ணாடிக்கு உதவித்தொகை உண்டு. படுத்த நாட்களின் கூலியை மட்டும் யாரும் தருவதில்லை. துண்டுக் கூலித் தொழிலில் இது பெரிய அநியாயம். நெசவாளர் சங்கங்கள் அடுத்துக் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

படுத்த நாட்களுக்கும் பணம் கிடைக்கும் வசதி ஒரகடம் போகும் தம்பி, தங்கைகளுக்கு இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. 18,000 வாங்குபவரிடம் 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் பிடிப்பார்கள், நிறுவனம் 3.25 சதவீதம், 585 ரூபாய் கட்ட வேண்டும். சேர்ந்த நாள் முதல் சிகிச்சை உண்டு. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா சேர்ந்திருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் நோயில் படுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

ஆகவே வேலைக்குச் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்ட கையோடு இஎஸ்ஐ எண் எப்போது வரும் என்றும் கேளுங்கள். காண்ட்ராக்டர் வழியாகச் சேர்ந்தால் கட்டாயம் கேளுங்கள். அது பத்து இலக்க எண். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டியும் எண் தராவிட்டால் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் புகார் செய்யலாம். நிறுவனத்தின் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்து எடுப்பது சட்டவிரோதம். படிவத்தில் அப்பா, அம்மா பெயரை எழுதத் தவறாதீர்கள். அவர்களின் மாத வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் போகாமல், உங்களைச் சார்ந்து இருந்தால் அவர்களுக்கும் சிகிச்சை உண்டு. உங்கள் சம்பளத்தால் குடும்ப வருமானம் 1,20,000ஐத் தாண்டிவிட்டால், தறியில் இருக்கும் அப்பாவுக்கு அந்தப் படிவம்தான் துணை.

இரண்டுக்கும் வெளியே போய்விட்டவர்கள் தனியார் பாலிசி எடுக்கலாம். சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம். மறைத்தால் பணம் கேட்கும் நாளில் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். சொல்லிவிட்டால் அந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். 2024 ஏப்ரல் முதல் இதுதான் விதி. நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.