சனிக்கிழமை நடை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி

கேள்வி: எனக்கு வயது 46. ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வேலை. போன மாதம் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு 210 இருந்தது. சர்க்கரை இல்லை. ஞாயிறு காலையில் மட்டும் ஒன்றரை மணி நேரம் நடக்கிறேன். அன்று மதியம் மட்டன் பிரியாணி. "சாப்பிட்ட கையோடு நடந்தால்தான் கொழுப்பு கரையும்" என்கிறார் நண்பர். நான் எப்போது நடப்பது நல்லது, டாக்டர்?
- வாசகர், ஈரோடு

பதில்: சாப்பிட்டபின் மெதுவாக நடப்பது நல்ல பழக்கம்தான். ரத்தச் சர்க்கரை ஏறுவதை அது உடனே மட்டுப்படுத்தும். ஆனால் கொழுப்பின் கணக்கு வேறு. ஞாயிறு மதியம் நீங்கள் சாப்பிடும் பிரியாணிக்கு, சனிக்கிழமை மாலை நடந்த நடைதான் அதிகம் கைகொடுக்கும்.

காரணத்தைச் சொல்கிறேன். உணவிலுள்ள கொழுப்பைச் சிறுகுடல் கைலோமைக்ரான் என்ற நுண்துகள்களாக்கி, நிணநீர்க் குழாய் வழியாக ரத்தத்துக்கு அனுப்புகிறது. சாப்பிட்ட மூன்று, நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற இந்தக் கொழுப்பு உச்சத்துக்குப் போகும். பழைய நிலைக்கு இறங்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்து, சோதனைக் குழாயைச் சுழற்றிப் பார்த்தால், தெளிந்த மஞ்சளாக இருக்கவேண்டிய சீரம் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி இது.

இந்தக் கொழுப்பை ரத்தத்திலிருந்து இறக்குவது லிப்போபுரோட்டீன் லிபேஸ் என்ற நொதி. தசைகளில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் அது ஒட்டியிருக்கிறது. உடற்பயிற்சி செய்தால் தசையில் இந்த நொதி கூடும். ஆனால் உடனே அல்ல, பல மணி நேரம் கழித்துத்தான். அதோடு கல்லீரல் தன் பங்குக்கு ரத்தத்தில் விடும் கொழுப்பும் பயிற்சிக்குப் பின் எளிதில் அகற்றப்படுகிறது. கல்லீரலின் கொழுப்பும் உணவின் கொழுப்பும் இதே நொதிக்காகத்தான் போட்டி போடுகின்றன. போட்டி குறைந்தால் பிரியாணியின் கொழுப்பு சீக்கிரம் இறங்கும். முந்தைய நாள் வேகமாக நடந்தவர்களுக்கு, மறுநாள் கொழுப்புணவுக்குப் பின் ஏறும் ட்ரைகிளிசரைடு சுமார் 15 முதல் 25 சதவீதம் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை? காலை, மதியம், மாலைச் சிற்றுண்டி, இரவு என்று சாப்பிடுகிறோம். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நம் ரத்தம் சாப்பிட்டபின் உள்ள நிலையிலேயே இருக்கிறது. வெறும் வயிற்று ரிப்போர்ட் இந்த நேரத்தைக் காட்டாது. கொழுப்பை இறக்கியபின் மிஞ்சும் துகள்கள் கொலஸ்ட்ராலோடு தமனிச் சுவருக்குள் புகுகின்றன. மாரடைப்புக்கு வித்திடும் கொழுப்புப் படிவு உணவுக்குப் பிந்தைய நேரத்தில் உருவாகிறது என்று சில்வர்ஸ்மிட் என்ற ஆய்வாளர் 1979-லேயே வாதிட்டார்.

இந்தப் பலன் சேமிப்பில் நிற்காது என்பதுதான் நீங்கள் முக்கியமாக மனதில் வைக்கவேண்டியது. நாள்தோறும் பயிற்சி செய்தவர்களுக்குக்கூட இரண்டு மூன்று நாள் விட்டால் ட்ரைகிளிசரைடு பழையபடி ஏறிவிடுகிறது. நீங்கள் ஞாயிறு நடக்கும் ஒன்றரை மணி நேரம் செவ்வாய்க்கிழமையோடு தீர்ந்துபோகிறது. அந்த நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வாரம் முழுக்கப் பிரித்துக்கொள்ளுங்கள்: நாளொன்றுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாளாவது. பேசமுடிய வேண்டும், பாடமுடியக் கூடாது. அந்த வேகம் போதும். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடங்கள். பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. இடையிடையே கல்லாவை விட்டு எழுந்திருங்கள். நடந்துவிட்டு வந்து இரண்டு வடையும் சர்க்கரை போட்ட டீயும் எடுத்துக்கொண்டால், செலவான கலோரி திரும்பிவந்து பலனில் ஒரு பகுதி போய்விடும்.

நடை மட்டும் போதாது. ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் எண்ணெய், நெய்யைப் போலவே வெள்ளைச் சோறு, மைதா, இனிப்பு, மது ஆகியவற்றுக்கும் பங்குண்டு. கல்லீரல் இவற்றையும் கொழுப்பாக மாற்றும். சோற்றைக் குறைத்துக் காய், பருப்பைக் கூட்டுங்கள். மது இருந்தால் நிறுத்துங்கள். காரணம் தைராய்டாகவும் இருக்கலாம், அதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

வயிறு முட்டச் சாப்பிட்டதும் வேகமாக நடக்கவோ ஓடவோ வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியவர்களுக்குக் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அவர்கள் நடையை மட்டும் நம்பியிராமல் சிகிச்சை பெறவேண்டும். உங்கள் 210 அந்தக் கட்டத்தில் இல்லை. மூன்று மாதம் இப்படி நடந்துவிட்டு மறுபடி பரிசோதனை செய்யுங்கள். அதுவரை தொடர்ந்து இரண்டு நாள் நடக்காமல் இருக்காதீர்கள்.