கிரிவலம் முடிந்ததும் தொண்டை கட்டுகிறதா?

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு 14 கிலோமீட்டர் சுற்றி வந்த மறுநாள் தொண்டை கட்டினால், பனியின் மேல் பழி போடுகிறோம். சளி, காய்ச்சல் இல்லாமல் புளித்த ஏப்பமும் செருமலும் சேர்ந்திருந்தால், மேலேறி வந்தது வயிற்று அமிலமாக இருக்கலாம்.

1. ஒரு பந்தலில் புளியோதரை, அடுத்ததில் சுண்டல், நடுவே மிளகாய் பஜ்ஜி, டீ. அன்னதானத்தை மறுக்க மனம் வராது. கையளவு வாங்கினால் போதும்.

2. விடியற்காலையில் பொங்கல், வடை சாப்பிட்ட கையோடு பஸ்ஸில் சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறோமே, வினையே அதுதான். சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகட்டும். பசி தாங்காதென்றால் இரண்டு இட்லியோடு நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தே வாருங்கள்.

3. வீட்டில் தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து 6 அங்குலம் உயர்த்துங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

4. கரகரப்புக்குப் பெப்பர்மிண்ட் வேண்டாம். சிலருக்கு எதுக்களிப்பு கூடும். வெந்நீரை மிடறு மிடறாகக் குடியுங்கள்.

5. கால்வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடும். வயிற்றில் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அல்சருக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று உலகமே நம்பியபோது, 1984இல் ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். (வீட்டில் என்ன சொன்னார்களோ!) அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

6. கிருமியை மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். பேன்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லையென்று வரலாம். டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். வலி போய்விட்டதென்று பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். கிருமி ஒழிந்தால் எதுக்களிப்பும் தீரும் என்று எண்ணாதீர்கள். அது வேறு கணக்கு.

7. டாக்டர் பேன்டோபிரசோல் எழுதியிருந்தால் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கித் தின்னாதீர்கள்.

8. தார் போல் கருத்த மலம், ரத்த வாந்தி என்றால் உடனே ஆஸ்பத்திரி. விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, 3 வாரம் தாண்டியும் தீராத குரல் கம்மல் இருந்தால் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகி வியர்த்தால், வாயு என்று சோடா தேடாமல் 108ஐ அழையுங்கள்.