பேராசிரியரும் ஆசிரியர் தொகுதியும்

அமைச்சராகவும் கட்சிப் பொதுச்செயலாளராகவும் இருந்த ஒருவரைத் தமிழ்நாடு கடைசிவரை 'பேராசிரியர்' என்றே அழைத்தது. அவர்தான் க. அன்பழகன். அவருடைய நீண்ட பொதுவாழ்வில் பலரும் கவனிக்காத ஐந்து ஆண்டுகளை இம்முறை பார்ப்போம்.

1922இல் காட்டூரில் பிறந்த அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை படித்து, 1944 முதல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1957இல் வேலையை விட்டுவிட்டு எழும்பூரில் நின்று வென்றார. தி.மு.க. சந்தித்த முதல் பொதுத்தேர்தல் அது. கிடைத்தவை 15 இடங்களே. மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த முடிவின் கனம் புரியும்.

1962 முதல் 1967 வரை அவர் சட்ட மேலவையில் இருந்தார், ஆசிரியர் தொகுதியின் உறுப்பினராக. அப்படியொரு தொகுதியா என்று நம் பிள்ளைகள் கேட்கலாம். அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களை ஆசிரியர்களே தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலையங்களில் மூன்று ஆண்டுகளாவது பணியாற்றியவர்களுக்கே அந்த வாக்கு. இளையரசனேந்தலில் ஒரு குழந்தைக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அது கிடையாது. இதை ஒரு குறை என்றே நாம் கருதுகிறோம்.

1986இல் தமிழ்நாட்டில் மேலவையே கலைக்கப்பட்டது. 2010இல் அதை மீண்டும் அமைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும், 2011இல் ஆட்சி மாறியதும் அந்த முயற்சி நின்றுபோனது. கர்நாடகத்தில் ஆசிரியர்கள் இன்றும் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பேராசிரியரோ நிற்கவில்லை. 1967இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போனார். 1971இல் அமைச்சரானார். 1996இல் கல்வித் துறையும் 2006இல் நிதித் துறையும் அவர் கைக்கு வந்தன. 1977 முதல் 2020 மார்ச்சில் மறையும்வரை கட்சியின் பொதுச்செயலாளரும் அவரே. சென்னையில் பள்ளிக் கல்வித் துறை இயங்கும் வளாகத்துக்கு 2022இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

மேலவை இல்லாத நம் மாநிலத்தில், சட்டப்படி பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். நம் வாசகர்களில் எத்தனை தாய்மார்கள் அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள்?