ஏரியும் ஊராட்சியும்

நுழையும்முன்

கரை கட்டி நீரைத் தேக்குவது ஏரி அமைப்பதில் பாதி வேலையே. தேங்கிய நீரை எப்பொழுது, எவ்வளவு திறப்பது? தூர்ந்துபோனால் யார் தூர்வாருவது? அதற்கான செலவை யார் ஏற்பது, யாரிடம் கணக்குக் காட்டுவது? இவ்வினாக்களுக்கு விடை காண்பது மற்றப் பாதி. கண்ணுக்குப் புலப்படாத அந்த மற்றப் பாதியின் வரலாற்றைச் செங்கல்பட்டுப் பகுதியின் ஏரிகள் வழியாகக் காண்போம்.

ஏரிகளின் நாடு

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் தொடர்வண்டி செங்கல்பட்டை நெருங்கும்போது, பாதையை ஒட்டிக் கொளவாய் ஏரி விரிந்து கிடப்பதைக் காணலாம். இன்னும் தெற்கே சென்றால், தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளுள் ஒன்றாகிய மதுராந்தகம் ஏரி வரும். இவற்றுக்கிடையே சிறிதும் பெரிதுமாக எத்தனையோ ஏரிகள் உள்ளன. இந்நிலம் இவ்வாறு ஏரிகளின் நாடானதற்குக் காரணம் உண்டு. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சி தரும். வடகிழக்குப் பருவமழையோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள காலத்தில் பெய்து ஓய்ந்துவிடும். பெய்யும் நாளில் பிடித்து வைத்தால்தான் பெய்யாத நாளில் பயிர் பிழைக்கும்.

இங்குள்ள ஏரிகள் பலவும் தனித்தனியானவை அல்ல. நிலத்தின் மென்மையான சரிவைப் பின்பற்றி ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேலூர் ஏரி நிறைந்ததும் உபரிநீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாய் வழியாகக் கீழூர் ஏரியை அடையும். ஆதலால் ஓரூரார் செய்வது மற்றோரூரார் வாழ்வைத் தொடும். மேலூரார் கலங்கலை ஒரு முழம் உயர்த்தினால், கீழூர் ஏரிக்கு நீர்வரத்துக் குறையும். இடையில் ஒருவர் வரத்துக்காலை மண்ணிட்டு மூடினால், மழை குறைந்த ஆண்டில் கீழூரின் வயல் காயும். மழை மிகுந்த ஆண்டில் வேறெங்கோ வீடு மூழ்கும். ஏரிச்சங்கிலி என்பது நீரின் தொடர்பு மட்டுமன்று. ஊர்களுக்கிடையேயான உடன்படிக்கையும் ஆகும்.

உத்திரமேரூர் சொல்லும் செய்தி

இவ்வுடன்படிக்கையைக் காப்பதற்கு நம் முன்னோர் என்ன செய்தனர் என்பதற்குக் கல்லிலேயே சான்று உள்ளது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பதுமாகிய உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலைகளை எடுக்க, வாரிய உறுப்பினர் தேர்வாயினர். அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். அதன் உறுப்பினர் அறுவர்; பதவிக்காலம் 360 நாள்.

இக்கல்வெட்டில் பலரும் வியப்பது குடவோலை முறையை. ஆயினும் அதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது தகுதியின்மை பற்றிய பகுதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் ஆக இயலாது. கடந்த மூன்றாண்டுகளுள் வாரியத்தில் இருந்தவரும் விலக்கப்பட்டார். பொதுச்சொத்தைப் பொறுப்பேற்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதும், அப்பொறுப்பு ஒருவரிடமே தங்கிவிடக் கூடாது என்பதும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விதிகளாயின. ஏரியைப் பேணுவதற்கென நிலங்களும் ஒதுக்கப்பட்டன. அவை ஏரிப்பட்டி எனப்பட்டன. பேணுதலுக்கான வருவாயைத் தேடி ஆண்டுதோறும் அலையும் நிலையை இவ்வேற்பாடு தவிர்த்தது.

எனினும் பழமையைப் போற்றும்போது அதன் எல்லையையும் காணல் வேண்டும். கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான அகவை, வேதக் கல்வி ஆகியன உடையவரே வாரியத்துக்கு உரியவராயினர். நிலமற்றோர்க்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. சேற்றில் இறங்கி உழைத்தவர் கை ஏரியைக் காத்தது. ஆனால் அவர் பெயர் குடத்துக்குள் சென்றதில்லை.

தெரிந்து தெளிவோம்

மதுராந்தகத்திலுள்ள இராமர் கோவில் 'ஏரி காத்த இராமர்' கோவில் என வழங்கப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியராக இருந்தவர் லயனல் பிளேஸ். பெருமழையில் கரை உடையும் நிலை ஏற்பட்டபோது, இராமனும் இலக்குவனும் கரையில் நின்று காவல் புரிந்ததை அவர் கண்டார் என்றும், அதன்பின் தாயார் சன்னிதியைக் கட்டுவித்தார் என்றும் அப்பகுதி மக்கள் கூறுவர். ஏரிக்கரை உடைவது ஊருக்கே அழிவு என்னும் அச்சம் இக்கதையில் உறைந்துள்ளது.

கை மாறிய பொறுப்பு

கும்பினி இப்பகுதியைத் தன் ஜாகீராகப் பெற்றபின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் இங்குள்ள ஊர்களை அளந்து பதிவு செய்தார். விளைச்சலின் ஒரு பகுதி ஏரிப் பராமரிப்புக்கும் ஊர்ப்பணியாளர்க்கும் களத்திலேயே பிரித்தளிக்கப்பட்டதை அப்பதிவுகள் காட்டுகின்றன. நெல் அளக்கும் இடத்திலேயே ஏரியின் பங்கும் அளக்கப்பட்டது. கும்பினியார் வரி வருவாயையே முதன்மையாகக் கருதியபோது இம்முறை தளர்ந்தது. ஊரில் தங்கிய பங்கு கருவூலத்துக்குச் சென்றது. பழுது பார்க்கும் பணமோ கருவூலத்திலிருந்து எளிதில் திரும்பி வரவில்லை.

ஊரார் கூடி ஏரியையும் கால்வாயையும் செப்பனிடுவதைக் குடிமராமத்து என்பர். வழக்கமாக இருந்த அப்பணியை வலியுறுத்த 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. கரை உடையும் இடர் நேர்ந்தால் ஊரார் உழைப்புத் தரவேண்டும் எனவும், மரபுப்படி தரவேண்டிய உழைப்பைத் தராதவர் அதன் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும் எனவும் அச்சட்டம் விதித்தது. உரிமையை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் ஊரில் விட்டுச்செல்லும் சட்டம் உயிர்பெறுவது அரிது. தன்னுடையது என்று உணராத ஏரிக்கு எவரும் மனமுவந்து மண் சுமப்பதில்லை.

இன்றைய நிலை

இன்று 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உடைய ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. நிலப்பதிவேடு வருவாய்த்துறையிடம் இருக்கிறது. கால்வாய் சாலையைக் கடக்குமிடத்தில் சிறுபாலம் அமைப்பது சாலைத்துறையின் வேலை. ஒவ்வொரு துறையும் தன் பணியைச் செம்மையாகச் செய்யலாம். ஆயினும் நீர் துறைகளின் எல்லையை அறியாது; சரிவை மட்டுமே அறியும்.

2015 டிசம்பர் வெள்ளம் இதனை உணர்த்தியது. மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஏரிகளின் உபரிநீர் திரண்டே அடையாறாகிறது. அந்நீர் செல்லும் வழியிலுள்ள முடிச்சூர் முதலிய பகுதிகளில் வயல்கள் மனைகளாகியிருந்தன. வெள்ளத்தில் வீடுகள் மூழ்கின. மக்கள் படகில் மீட்கப்பட்டனர். புதிதாகக் குடியேறியோர் பலருக்குத் தம் தெருவுக்கு மேலே ஓர் ஏரி இருப்பதும், அதற்கொரு கலங்கல் இருப்பதும் அந்நாளில்தான் தெரிந்தன.

ஏரிகளைக் காக்க அரசு சட்டங்களை இயற்றியுள்ளது. பாசன மேலாண்மையில் உழவர்க்குப் பங்களிக்கும் சட்டம் 2000இலும், ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றும் சட்டம் 2007இலும் வந்தன. குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது.

கடலிலிருந்து வரும் குடிநீர்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலி உள்ளது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று இங்கு 2013இல் செயற்படத் தொடங்கியது; அது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீரைத் தரவல்லது. 15 கோடி லிட்டர் திறனுடைய மற்றொரு நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அங்குக் கடல்நீர் மிகுந்த அழுத்தத்தில் நுண்படலங்களின் ஊடே செலுத்தப்பட்டு, உப்பு பிரிக்கப்படுகிறது. உப்பு மிகுந்த கழிவுநீர் மீண்டும் கடலில் விடப்படுகிறது. நன்னீர் நெடுங்குழாய்களில் ஓடித் தென்சென்னை வீடுகளை அடைகிறது.

மழை பொய்த்தாலும் இந்நீர் பொய்ப்பதில்லை. 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது இதன் அருமை விளங்கிற்று. ஆனால் இதற்கு ஓயாத மின்சாரம் வேண்டும், பெரும்பொருள் வேண்டும். கரையரிப்பு, மீன்வளம் ஆகியன குறித்து நெம்மேலியை அடுத்த சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள் தம் கவலையைத் தெரிவித்துள்ளனர். நீரைக் குடிப்பவர் ஓரிடத்தில் வாழ்கிறார். அதற்கான விலையின் ஒரு பகுதியைத் தருபவர் வேறோரிடத்தில் வாழ்கிறார். ஏரிச்சங்கிலியில் மேலூருக்கும் கீழூருக்கும் இருந்த அதே உறவு இங்கு நகரத்துக்கும் குப்பத்துக்கும் இடையே நிற்கிறது. கரைமீது நடந்து பார்த்தால் ஏரியின் நிலை தெரிந்துவிடும். மண்ணுக்குள் புதைந்த குழாயோ தன் வரலாற்றைச் சொல்வதில்லை. ஆகவே இங்குக் கேட்டறியும் கடமை மிகுதியாகிறது.

நம் கையில் உள்ளது

கருவிகள் மாறலாம், மதகு குழாயாகலாம். பொதுநீரைக் காப்பதற்குத் தேவையானவை மாறவில்லை. பொறுப்பேற்பவர் இன்னார் என்று தெரிய வேண்டும். பங்கீட்டுக்கு முறை வேண்டும். செலவுக்குக் கணக்கு வேண்டும். இவற்றோடு, பழைய வாரியத்தில் இல்லாத ஒன்றும் வேண்டும்: பயன்பெறுவோரும் பாதிக்கப்படுவோரும் ஒருசேர அமரும் அவை.

அவ்வவைக்கு இன்று வழி உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்களில் கிராமசபை கூடுகிறது. அவற்றுள் ஒன்று உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22. நிலமோ, குலமோ, பாலினமோ அங்குத் தகுதியன்று. ஊராட்சியின் வாக்காளர் எவரும் எழுந்து, 'எங்கள் ஏரியின் வரத்துக்கால் எங்கே?' என்று கேட்கலாம். உத்திரமேரூரில் 35 அகவையும் நிலமும் உடையவருக்கே கிட்டிய உரிமை, 18 அகவை நிறைந்து வாக்காளர் பட்டியலில் இடம்பெறும் ஊராட்சி மாணவர் ஒவ்வொருவருக்கும் இன்று உரியது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் உள்ளவரை ஊரும் ஏரியும் நிலைபெறும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, நிறைந்தபின் எங்குச் செல்கிறது என்பதை முதியோரிடம் கேட்டு, வரைபடம் ஒன்று வரைக.
2. உத்திரமேரூர் ஏரி வாரியத்தையும் இன்றைய கிராமசபையையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் வீட்டுக் குழாய்நீர் வந்த வழியை அறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.