விளக்கும் இருட்டறையும்

புகைப்படக் கருவியைக் கண்டறிந்தவர் இப்னு அல் ஹைதம் என்று நம் சமுதாய மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். மாணவரும் அதனை அப்படியே கட்டுரைகளில் எழுதிவிடுகின்றனர். பஸ்ராவில் பிறந்து, ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் மறைந்த அப்பேரறிஞர் புகைப்படக் கருவி எதனையும் செய்தாரல்லர். துளை வழியே ஒளி புகுந்து உருக்காட்டுவதைச் சீனரும் கிரேக்கரும் அவருக்கு முன்பே கண்டிருந்தனர். அவ்வுருவை நிலைநிறுத்தும் வழியோ 19ஆம் நூற்றாண்டில்தான் கைகூடிற்று. பின் அவர் செய்ததுதான் யாது?

'கிதாபுல் மனாளிர்' என்னும் தம் நூலில் அவர் ஒரு சோதனையை விவரிக்கிறார். இருண்ட இடத்திற்குச் செல்லும் துளையொன்றின் எதிரே, தனித்தனி இடங்களில் பல விளக்குகளை வைக்க வேண்டும். உட்சுவரில் விளக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவே ஒளித்திட்டுகள் தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டுமே மறையும். மறைப்பை நீக்கினால் மீளும். எல்லா ஒளியும் ஒரே துளையில் புகுந்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது இதனால் பெறப்பட்டது. ஊகித்துச் சொல்லாமல் மறைத்தும் திறந்தும் மெய்ப்பித்தாரே, பெருமை அங்குள்ளது.

விளக்கைப் படமெடுப்பது இன்றும் எளிதன்று. சார்ல்ஸ் மார்வில் என்பார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத் தெருவிளக்குக் கம்பங்களை வரிசையாகப் படம்பிடித்தார், ஆனால் பகலில்! ஈரம் உலருமுன் கண்ணாடித் தகட்டைப் பயன்படுத்திக் கழுவியாக வேண்டிய அக்காலத்தில், வாயுவிளக்கின் மங்கிய ஒளி அத்தகட்டிற்குப் போதவில்லை. 1930களில் அந்நகரின் இரவைப் படமெடுத்த பிராசாயோ விளக்கின் கூச்சத்தை மரத்தாலும் சுவராலும் மறைத்தார், மூடுபனியையும் துணைக்கொண்டார்.

எஞ்சிய பணி இருட்டறையில் நடந்தது. நெகட்டிவில் விளக்கு கரிய பொட்டாக இருக்கும். எனவே உருப்பெருக்கியின் கீழ் அவ்விடத்திற்கு மட்டும் கூடுதல் ஒளி பாய்ச்சி, ஏனைய இடங்களைக் கையாலோ அட்டையாலோ மறைப்பர். நொடிக்கணக்குப் பிசகினால் தாள் வீண்.

எண்முறைக் கருவியிலோ விளக்கின் ஒளி அளவு மீறினால் அவ்விடம் வெறும் வெண்மையாகிவிடும். பிறகு எம்மென்பொருளாலும் மீட்க இயலாது. ஆதலால் கருவியை முக்காலியில் நிறுத்தி, விளக்குக்கென ஒரு குறுகிய படமும் தெருவுக்கென ஒரு நீண்ட படமும் எடுத்துக் கணினியில் இணைக்கின்றனர். இதனைப் பொய் என்பாருமுளர், எனக்கு உடன்பாடில்லை. கண்ணும் அக்காட்சியை ஒரே பார்வையில் கொள்வதில்லை. விளக்கில் ஒருமுறையும் நிழலில் ஒருமுறையுமாகத் தங்கியே காண்கிறது.

அடுத்த மேடைப்பேச்சுக்கு முன் மாணவர் இச்சோதனையைத் தாமே செய்து பார்க்கலாம். மூன்று மெழுகுவத்தி, துளையிட்ட ஓர் அட்டை, கதவடைத்த ஓர் அறை. நம் துறையின் பழைய நூல்கள் அடுக்கிய சிற்றறையே போதும்.