எங்கே நின்றது என்று பார்

அன்புத் தம்பிக்கு,

குடிகாட்டிலிருந்து சிதம்பரம் வரை பரண்களிலும் அலமாரிகளிலும் கிடக்கும் 486, பென்டியம் பெட்டிகளைத் தேடி எடுத்து, அந்தக் காலத்து லினக்ஸையே அவற்றில் ஏற்ற வேண்டும் என்று கிளம்பியிருக்கிறாய். நல்ல வேலை. 1990-களில் நம் ஊர்ப்பக்கத்தில் பலருக்கு லினக்ஸ் கைக்கு வந்தது பிசி குவெஸ்ட் இதழோடு கிடைத்த சிடியில்தான். சிடி இருந்தும் பிளாப்பி இல்லாமல் வேலை நடக்காது. சிடியிலிருந்தே பூட் ஆவதற்கான எல் டொரிட்டோ முறை 1995-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பயாஸுக்கு சிடி டிரைவ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே 600 எம்பி சிடியின் கதவைத் திறக்க 1.44 எம்பி பிளாப்பி ஒன்றாவது வேண்டியிருந்தது. அதுதான் மக்கர் செய்யும்.

மக்கர் செய்தவுடன் அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். நீ அப்படிச் செய்யாதே. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, திரையில் கடைசியாக என்ன வந்தது என்பதை எழுத்துப் பிசகாமல் நோட்டில் குறித்துக்கொள். பூட் ஆவது ஒரே அடியில் நடக்கும் காரியமல்ல. பயாஸ் முதல் 512 பைட்டைப் படிக்கிறது, அது லோடரைக் கூப்பிடுகிறது, லோடர் கர்னலைக் கொண்டு வருகிறது, கர்னல் தன்னை விரித்துக்கொண்டு, அடுத்துச் செருக வேண்டிய ரூட் பிளாப்பியைத் தேடுகிறது. எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால், அதுவரை உள்ள படிகளை எல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்று வருகிறது என்று வைத்துக்கொள். பிளாப்பி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்த வாசகம் பெரும்பாலும் டாஸில் ஃபார்மட் செய்தபோது பிளாப்பியின் முதல் செக்டரிலேயே எழுதப்பட்டது. அது திரைக்கு வந்துவிட்டது என்றால் டிரைவ் படிக்கிறது, கேபிள் சரி, பயாஸ் சரியான டிரைவைத்தான் பார்க்கிறது. தவறு எழுதிய முறையில் இருக்கிறது: ராரைட் என்ற நிரலை வைத்து செக்டர் செக்டராக எழுத வேண்டிய பிளாப்பி இமேஜை யாரோ சாதாரண ஃபைல் போலக் காப்பி செய்திருக்கிறார்கள். முழு அளவு இமேஜ் 14,74,560 பைட். டாஸ் ஃபார்மட் செய்த பிளாப்பியில் மிஞ்சும் இடமோ 14,57,664 பைட்தான். எனவே பெரிய இமேஜைக் காப்பி செய்தால் இடமில்லை என்று உடனே தெரிந்துவிடும். சின்ன இமேஜ்தான் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்து ஏமாற்றும்.

லைலோ என்ற லோடர் வைத்த பிளாப்பியில் 'எல்' என்ற ஒற்றை எழுத்து வந்து, பின்னால் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தால், முதல் படி ஏறிவிட்டது, இரண்டாம் படியைப் படிக்க முடியவில்லை. அந்த எண்ணே காரணம் சொல்லும்: 04 என்றால் செக்டர் கிடைக்கவில்லை, 10 என்றால் படித்த செக்டரின் சரிபார்ப்பு ஒத்துவரவில்லை, 40 என்றால் ஹெட் போக வேண்டிய தடத்துக்குப் போகவில்லை. கர்னலை விரிக்கும்போது 'சிஆர்சி எரர்' என்று நின்றால் விஷயம் வேறு. ஒவ்வொரு செக்டரையும் படிக்கும்போதே சரிபார்ப்பு நடந்துவிடுகிறது. பிளாப்பி கெட்டிருந்தால் பெரும்பாலும் முன்பே சிக்கியிருக்கும். ஒழுங்காகப் படித்தும் உள்ளடக்கம் தவறாக இருக்கிறது என்றால், இமேஜையும் ராமையும் சந்தேகப்படு. எஃப்டிபியில் பைனரி முறைக்கு மாற்றாமல் ஆஸ்கி முறையிலேயே இறக்கிய இமேஜ் இப்படித்தான் கெடும். '02:00-இல் ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை' என்று கர்னல் பேனிக் ஆனால், பூட் பிளாப்பி தன் வேலையை முடித்துவிட்டது. 02:00 என்பது முதல் பிளாப்பி டிரைவ், இனி ரூட் பிளாப்பியைத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, வேறு பிளாப்பியில் எழுதினால் ஆகிவிடாதா என்று கேட்பார்கள். சில நேரம் ஆகும். ஆனால் இமேஜே கெட்டிருந்தால் ஒரு பெட்டி பிளாப்பியை வீணாக்கினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். சோனி 2011-இல் பிளாப்பி விற்பனையை நிறுத்திக்கொண்டது. இன்று உன் கையில் இருப்பதெல்லாம் பழைய சரக்கு, ஒவ்வொன்றும் கணக்கு. இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: திரையில் வரும் செய்தியும் பொய் சொல்லும். உண்மைதான். செய்தி, நின்ற படியைச் சொல்லுமே தவிர, கடைசிக் காரணத்தைச் சொல்லிவிடாது. அதனால்தான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்கிறேன். அதே பிளாப்பியை இன்னொரு பெட்டியில் போடு. அங்கும் அதே இடத்தில் நின்றால் பிளாப்பியோ இமேஜோ குற்றவாளி. அங்கே தாண்டிப் போனால் முதல் பெட்டியின் டிரைவையோ ராமையோ பார். பிளாப்பியையும் டிரைவையும் சேர்த்து மாற்றிவிட்டால், சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. அடுத்த பெட்டிக்கு அது உதவாது.

இரண்டு டிரைவின் ஹெட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாதது இப்படித்தான் பிடிபடும். எழுதிய டிரைவில் திரும்பப் படித்து ஒப்பிட்டால் எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த பெட்டியில் ஏறாது. அப்போது ஏற்ற வேண்டிய பெட்டியின் டிரைவையே கழற்றி, எழுதும் கணினியில் மாட்டி, அதிலேயே எழுது. கேபிளைத் திருப்பி மாட்டிவிட்டால் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். பதற வேண்டாம், அணைத்துவிட்டுத் திருப்பி மாட்டினால் போதும்.

கடலோர ஊர் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைப் பல வருஷம் குடித்த பிளாப்பியைச் செருகுவதற்கு முன், தகரமூடியை விரலால் தள்ளி, வெளிச்சத்தில் தட்டைச் சுற்றிப் பார். சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகவோ, மெல்லிய வலை போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. அதைச் செருகினால் அழுக்கு ஹெட்டில் ஒட்டும். அந்த ஹெட் அடுத்து வரும் நல்ல பிளாப்பியையும் கீறும். வரிசையாக நாலு பிளாப்பி படிக்காமல் போனால், நாலும் கெட்டவை என்று முடிவு கட்டாதே. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடைத்துவிட்டு, கெட்டதில் அல்ல, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒன்றில் முதலில் சோதித்துப் பார்.

பிளாப்பிக் காலமே போய்விட்டது, 2004-இல் ஃபெடோரா கோர் 2 வந்தபோதே பூட் பிளாப்பியைக் கைவிட்டுவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். ஆனால் இன்று பென்டிரைவில் ஐஎஸ்ஓவை ஃபைலாகக் காப்பி செய்துவிட்டு பூட் ஆகவில்லை என்று திகைப்பவர் செய்வதும் அதே தவறுதான். விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு பக்கத்திலேயே இருக்கிறது. உன் நோட்டை அங்கே எடுத்துப் போய்க் காட்டு. ஒருமுறை ஒழுங்காகப் பூட் ஆன பிளாப்பி கிடைத்தால், அன்றைக்கே எழுது தடுப்புத் துளையைத் திறந்து வைத்து, டிடி கட்டளையால் இமேஜாக எடுத்து, எம்டி5 எண்ணையும் அதே பக்கத்தில் குறித்துவிடு. அடுத்த மழைக்குள் அந்தப் பிளாப்பி போய்விடலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்